கோலார் தங்கவயலும் வீட்டுக் குப்பையும்



தெருமுனைக் குப்பைத்தொட்டியை அகற்றிவிட்டு வீட்டு வாசலுக்கே வண்டி அனுப்புவதென்று ஒரு நகராட்சி மன்றம் தீர்மானிக்கும்போது, பேச்சு பெரும்பாலும் வசதியைப் பற்றியதாகவே முடிந்துவிடுகிறது. தொட்டி எவ்வளவு தூரத்தில் இருந்தது, வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பவையே கேள்விகள். ஆனால் குப்பை சேரும் இடத்தை மாற்றுகிறவர்கள், அதனை யாருடைய கைகள் எந்த நிலையில் தொடவேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார்கள். கோலார் தங்கவயலின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கத் தொழிலில் இறங்கிற்று. வட ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கரும் தொழிலாளராயினர். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று அங்கே தோண்டப்பட்டது. இத்தனை பொறியியல் திறமை குவிந்திருந்த அதே ஊரில், தொழிலாளர் குடியிருப்புகளின் கழிப்பிடங்கள் தண்ணீரில்லாத உலர் கழிப்பிடங்களாக இருந்தன. மலத்தை வாளியில் அள்ளிச் சுமக்கும் வேலை குறிப்பிட்ட சில சாதியினர்மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டது.

1970களின் தொடக்கத்தில், கர்நாடக அமைச்சராக இருந்த பசவலிங்கப்பா மலச்சுமைக்குத் தடை விதித்தார். தங்கவயலில் வாளி மறையவில்லை. துப்புரவுத் தொழிலாளர் குடும்பமொன்றில் 1966இல் அங்கே பிறந்த பெசவாடா வில்சன் 1980களில் இதனை எதிர்த்துப் போராடத் தொடங்கினார். மலம் அள்ளுவோரைப் பணியமர்த்துவதையும் உலர் கழிப்பிடம் கட்டுவதையும் குற்றமாக்கிய மத்தியச் சட்டம் 1993இல் இயற்றப்பட்டது. பின்னரே நீரடைப்புக் கழிப்பிடங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. வில்சனுக்கு 2016இல் மகசேசே விருது கிடைத்தது. அலுவலர்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு: ஆணை வந்து இருபதாண்டு கழிந்தும் வேலை ஒழியாததற்குக் காரணம், கழிப்பிடத்தின் அமைப்பு மாறாததே. அமைப்பு அப்படியே இருந்தால், யாரேனும் ஒருவர் அள்ளித்தான் ஆகவேண்டும்.

இன்றைய வீட்டுக் குப்பைக்கும் இதே கணக்குதான். சோற்று மிச்சம், உடைந்த விளக்கு, சவர அலகு, குழந்தையின் அழுக்குத்துணி யாவும் ஒரே பையில் வந்தால், பிரிக்கும் வேலை ஒழிவதில்லை. பௌரகார்மிகரின் கைக்கோ, குப்பைமேட்டில் பொறுக்குபவரின் கைக்கோ போய்ச் சேர்கிறது. வீடுதோறும் சேகரிக்கும் கடமையை நகராட்சிகளுக்கு விதித்த விதிகள் 2000 செப்டம்பரில் வெளியாயின. 2016ஆம் ஆண்டு விதிகள், ஈரக்கழிவு, உலர்கழிவு, தீங்குதரும் கழிவு என வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கவேண்டும் என்றன. குப்பை பொறுக்குவோரையும் இந்த ஏற்பாட்டில் இணைக்கச் சொல்லின.

தங்கவயலுக்கு இவ்விதிகள் வந்த வேளை பொல்லாதது. முதல் விதிகள் வெளியான ஐந்தே மாதங்களில், 2001 பிப்ரவரி இறுதியில், பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருக்களுக்கு நகராட்சி உண்டு. சுரங்கக் குடியிருப்புகளோ கம்பெனியையே நம்பி வாழ்ந்தவை. வேலை போன பிறகு ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் விடியுமுன் மாரிக்குப்பம் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்பலாயினர். இத்தகைய ஊரில் காலை எட்டு மணிக்கு வரும் வண்டிக்குப் பல வீடுகளில் கதவு திறக்காது. தொட்டியை எடுத்துவிட்டு வண்டியை மட்டும் நம்பினால், குப்பை கால்வாய்க்கே போகும். அதற்கு மக்களின் ஒழுக்கக்குறைவைக் காரணம் காட்டுவது நியாயமாகாது.

அவர்கள் வேலைக்குச் செல்லும் பெங்களூர் வேறொரு பாடத்தைக் கற்றது. மாவள்ளிபுரக் குப்பைமேட்டுக்கு எதிராகக் கிராமத்தார் போராடியதால் 2012இல் மாநகரமே குப்பையில் மூழ்கியது. உயர்நீதிமன்றம் பிரித்தலைக் கட்டாயமாக்கியது; வார்டுகளில் உலர்கழிவு மையங்கள் எழுந்தன. அவற்றுள் பலவற்றை நடத்த முன்வந்தவர்கள், முன்பு தெருவில் பொறுக்கிப் பிழைத்தவர்களே. குப்பையின் விலையை அவர்களைவிட அறிந்தவர் யார்? நாளிதழும் இரும்பும் எப்படியும் காயலான் கடைக்குப் போய்விடும். நகராட்சிக்கு எஞ்சுவது பால்பையும் பிஸ்கட் உறையுமே. ஆகவே, மையம் விற்பனையால் தானே பிழைத்துக்கொள்ளும் என்று வரவுசெலவுத் திட்டத்தில் எழுதுவது பெரும்பாலும் கனவுதான்.

தங்கவயலில் வேறொரு கழிவும் உண்டு. தங்கம் பிரித்தபின் கொட்டிய மண், மலைமலையாய் நிற்கிறது. ஊரார் அதனைச் சயனைடு மேடு என்பர். 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். அவற்றில் எஞ்சிய தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்தது. மண்ணிலுள்ள கிராம் கணக்கு வரை பார்க்க முடிகிற நாட்டில், வீட்டு உலர்கழிவை எடைபோட்டுக் கணக்கு வைப்பது இயலாத காரியமன்று.

வரிசை வீடுகளில் மூன்று வாளி வைக்க இடமில்லை. அங்கே ஈரக்கழிவை நாள்தோறும் வாசலில் வாங்கி, உலர்கழிவுக்கு வரிசைக்கு ஒரு பொது இடம் அமைக்கலாம். அதற்குப் பூட்டும் கூரையும் பொறுப்பாளர் ஒருவரும் வேண்டும். கண்ணாடியும் ஊசியும் தனிப் பெட்டியில் சேரவேண்டும். ரயிலில் செல்வோர் வீட்டிலிருப்பது ஞாயிற்றுக்கிழமைதான். வண்டி அன்று வருவதே பொருந்தும். அப்போது பௌரகார்மிகருக்கு வாரவிடுமுறை எந்த நாள் என்பதையும், கையுறையும் காலணியும் எத்தனை மாதத்திற்கு ஒருமுறை என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதியாகவேண்டும்.