ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



நம்ம குழுக்களில் பல பேர் ஒப்பந்த முறையில் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலைக்குப் போறாங்க. ஊசி குத்திடும், நோய் தொத்திடும் என்ற பயம் எல்லாருக்கும் இருக்கு. ஆனால் கையில் பிடித்திருக்கும் பாட்டிலைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. இன்றைக்கு அந்தப் பாட்டிலைப் பற்றித்தான் பேசப் போறேன்.

முதலில் பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும். கறை சீக்கிரம் போகட்டும் என்று இரண்டையும் சேர்த்து ஊற்றுவாங்க. சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில், 1915-இல், எதிரிகளைக் கொல்லத் திறந்துவிட்டது இதே வாயுதான். சாத்தின கழிவறைக்குள் கண் எரியும், மூச்சு அடைக்கும், நுரையீரலில் நீர் கோர்த்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டையும் கலக்கவே கூடாது. நெடி ஏறினால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கிட்டு வேலையை முடிக்கப் பார்க்காதீங்க. உடனே வெளியே வாங்க. துணி மாஸ்க் தூசியைத்தான் ஓரளவு தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

இரண்டாவது பாதரசம். பழைய தெர்மாமீட்டர், பி.பி. கருவி உடைந்தால் வெள்ளி முத்து மாதிரி உருளும். அழகா இருக்கே என்று தொடாதீங்க. அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாது, நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். துடைப்பத்தால் பெருக்கினால் சிதறி அறை முழுக்கப் பரவும். ஜன்னலைத் திறந்துவிட்டு நர்ஸிடம் சொல்லுங்க. கையுறை போட்டு, கெட்டி அட்டையால் ஒதுக்கி எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் சேர்க்கணும்.

மூன்றாவது ஃபார்மலின். உடல் பாகங்களைக் கெடாமல் வைக்கும் திரவம். இதிலிருக்கும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இலேயே முடிவு செய்தது. பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அதனால் பெயர் ஒட்டாத பாட்டிலைத் திறக்காதீங்க, முகர்ந்து பார்க்காதீங்க. தண்ணீர் பாட்டிலில் எந்த மருந்தையும் ஊற்றி வைக்காதீங்க.

எது கண்ணில் தெறித்தாலும் கசக்காமல், குழாய்த் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு டாக்டரிடம் போங்க.

"கையுறை கேட்டால் நாளைக்கு வராதே என்பாங்களே?" என்று கேட்பீங்க. கேட்பது சலுகை இல்லை, சட்டம். மருத்துவக் கழிவைக் கையாளுகிற எல்லாருக்கும், ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, பாதுகாப்புச் சாதனம் தரணும். மஞ்சள் காமாலை பி, டெட்டனஸ் தடுப்பூசி போடணும். வேலைக்குச் சேரும்போதும், பிறகு வருடம் ஒரு தடவையாவதும் உடல் பரிசோதனை செய்யணும். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் இந்தப் பொறுப்பை ஆஸ்பத்திரி மேல்தான் வைத்திருக்கு. கான்டிராக்டரைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது.

தனியாப் போனப்போ உட்காரக்கூடச் சொல்லாத பேங்க், குழுவாப் போனப்போ கடன் கொடுத்ததே! இதுவும் அப்படித்தான். அடுத்த வாரக் கூட்டத்தில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கிற எல்லாரும் சேர்ந்து ஒரே மனு எழுதுங்க. எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. ஒரு நகலைத் தீர்மான நோட்டில் ஒட்டி வைங்க.

வாங்குகிற சம்பளம் பிள்ளைங்க படிப்புக்குப் போகட்டும், நம்ம வைத்தியத்துக்குப் போக வேண்டாம்.