நோய்க்காலத்துக் கடலும் ஆவுளியாவும்



வெயில் அடித்தரை வரை இறங்கும் அளவுக்கு ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில், கடற்புல்லை மேய்ந்து ஜீவிக்கும் ஆவுளியாவை, புத்தகங்கள் கடற்பசு என்று குறிக்கும் அந்தச் சாதுப் பிராணியை, மணமேல்குடியில் கூடிய இச்சபையில் வலைக்குள்ளேயே கண்டவர்கள் இருக்கக்கூடும். நாளொன்றுக்கு 30, 40 கிலோ புல் தின்று, ஓராண்டுக்கு மேல் கர்ப்பம் சுமந்து ஒரே கன்றை ஈனும் இந்த ஜீவன், அடுத்த கன்றுக்குச் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்காவிட்டால், சிக்கிய வலைக்குள்ளேயே மடிந்துபோகிறது.

2020 மார்ச் 25-இல் கொரோனாத் தொற்றால் ஊரடங்கு வந்தபோது படகுகள் கரையேறின. ஏப்ரல் 15-இல் விசைப்படகுகளுக்கு வழக்கமான மீன்பிடித் தடைக்காலம் தொடங்க வேண்டியிருந்ததால், அதற்கு முந்தைய 21 நாட்கள் விசைப்படகு மீனவர்களுக்கு வீண் நஷ்டமாயின. மத்திய சர்க்கார் அவ்வாண்டு 61 நாள் தடையை 47 நாளாகச் சுருக்கி, ஜூன் 1 முதல் கடலுக்குச் செல்ல அனுமதி தந்தது. அடுப்பெரியாத வீட்டின் பக்கம் நின்று பார்த்தால் அது கருணையே. ஆயினும் மார்ச் மாதத்து ஓய்வு ஜூன் மாதத்து இனப்பெருக்கத்துக்கு ஈடாகும் என்று எந்த மீன் ஒப்புக்கொண்டதோ, நானறியேன். மனிதர் இழந்த நாட்களுக்குக் கடலின் நாட்களிலிருந்து ஈடு தருவதைவிட, கஜானாவிலிருந்து நிவாரணம் தந்திருப்பதே நேர்மையான கணக்கு என்பது என் அபிப்பிராயம்.

கடலின் பக்கத்துக் கணக்கை எழுதிவைக்கவும் வழி உண்டு. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், ஊராட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், அவ்வூர் ஜீவராசிகளை எழுதிவைக்கும் மக்கள் பதிவேடும் வேண்டும் என்கிறது. சட்டத்தின் உயிர்நிலை இதுவே. இதைவிட்டு, 2021 டிசம்பரில் மசோதாவாக வந்து 2023-இல் நிறைவேறிய திருத்தத்தைப் பற்றிய வாதமே, குற்றத்துக்குச் சிறைவாசம் போய் அபராதம் வந்ததே என்ற வாதம் உட்பட, பெரிதாகக் கேட்டது.

நம் கரையிலோ வேறொன்று நிகழ்ந்தது. 2021 செப்டம்பரில், தொற்று ஓயாத காலத்திலேயே, தமிழக அரசு அறிவித்த கடற்பசுப் பாதுகாப்பகம், 2022 செப்டம்பர் 21-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டராக அரசாணை பெற்றது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. இத்தகைய காப்பகத்தை உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்தே அமைக்க வேண்டும் என்று வனவிலங்குச் சட்டம் விதிப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாட்களில் நாட்டுப்படகு என்று சச்சரவுகளுக்கிடையே ஒரு முறையைக் கட்டிக்காக்கும் கரைக்கு, கலந்து பேசுவது புதிதன்று. இழுவை மடி புல்தரையை உழுதுவிடும் இடங்களையும், ஆவுளியா தலைகாட்டும் மாதங்களையும் இக்கரையின் பதிவேட்டில் எழுத வேண்டியவர்கள் வல்லம் ஓட்டுகிறவர்கள். வலையை அறுத்து ஆவுளியாவை விடுகிறவருக்கு அந்த வலையின் விலை தாமதமின்றிக் கிடைப்பதற்கான ஏற்பாட்டையும், அடுத்த நோய் வருமுன் மாவட்ட நிர்வாகம் மீனவர்களோடு கலந்து செய்துவைக்கலாம்.