ஊறலும் வடிதலும்

காப்பி தயாரிக்கும் முறைகள் உலகில் எத்தனையோ இருப்பினும், அவை பெரும்பாலும் இரண்டு வகுப்புகளில் அடங்கிவிடும். தூளை நீரில் இட்டுச் சிறிது நேரம் ஊறவிட்டு, பின்னர் நீரைப் பிரித்தெடுப்பது ஒன்று. தூளின்மீது நீரை ஊற்றி, அது கீழிறங்கும்போதே சாரத்தையும் கொண்டு செல்லுமாறு செய்வது மற்றொன்று. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசியான மெலிட்டா பென்ட்ஸ் 1908-ஆம் ஆண்டில் பதிவு செய்த காகித வடிகட்டி இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தது. இவ்விரு முறைகளையும் ஒரே பாத்திரத்தில் இணைக்கும் வழக்கம் அண்மைக் காலத்தில் நம் நாட்டு நகரங்களில், வீட்டு அடுக்களை வரையில் வந்துவிட்டது. அதன் தன்மையைச் சற்று ஆராய்வோம்.

வறுத்து அரைத்த காப்பித் தூளில் நீரில் கரையக்கூடியது நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது பங்குதான்; எஞ்சியது வெறும் நார். அந்த முப்பது பங்கையும் இழுத்துவிட வேண்டும் என்று எண்ணுவது பிழை. 1950-களில் அமெரிக்காவில் ஆராய்ச்சி நடத்திய லாக்ஹார்ட் என்னும் அறிஞர், நூற்றுக்கு 18 முதல் 22 பங்கு வரை கரைந்திருந்தால் சுவை நன்றாயிருக்கும் என்று வரையறுத்தார். காரணம் எளிது. புளிப்பைத் தரும் அம்சங்கள் முதலில் கரைகின்றன. இனிமை அடுத்து வருகிறது. கசப்பும் துவர்ப்பும் கடைசியில் வந்து சேருகின்றன. முன்னதாகவே நிறுத்தினால் காப்பி வெறும் புளிப்பு. காலம் தாழ்த்தினாலோ மருந்துக் கஷாயம். மிச்சத் தூளில் மீண்டும் வெந்நீர் ஊற்றி எடுக்கும் ‘இரண்டாம் டிகாக்ஷன்’ நீர்த்தும் கசந்தும் இருப்பதன் ரகசியம் இதுவே.

ஊறவைக்கும் முறையில் தூள் முழுவதும் ஒருசேர நனைகிறது. நீரில் சாரம் ஏற ஏற, மேலும் கரையும் வேகம் தானாகவே தணிகிறது. ஆகையால் அரை நிமிஷம் முன்பின்னானாலும் பெரிய கேடு நேராது. ஆனால் தெளிவு போதாது. நுட்பமான மணங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடுகின்றன. ஊற்றி வடிக்கும் முறையில் புதிய நீர் வந்துகொண்டே இருப்பதால் சாரம் விரைந்து இறங்குகிறது. சுவை பளிச்சென்று தெரிகிறது. இதிலும் ஓர் இடர் உண்டு. நீர் எப்பொழுதும் இளகிய வழியையே நாடும். தூள் படுகையில் எங்கேனும் ஒரு சிறு கால்வாய் விழுந்துவிட்டால், அவ்வழியிலுள்ள தூள் கசந்துபோகும். பக்கத்திலுள்ள தூளோ பாதிகூட நனையாது. இதைத் தவிர்க்கக் கைப்பழக்கம் வேண்டும். காலையில் அலுவலகம் செல்லும் அவசரத்தில் எத்தனை பேருக்குக் கை நடுங்காமல் இருக்கும்?

தென்னாட்டுப் பித்தளைப் பில்டர் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் ஒரு கருவி என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. மேல் தட்டின் சிறு துளைகள் வழியே நீர் உடனே இறங்கிவிடுவதில்லை. கால்மணி நேரம் வரை தூளோடு தங்கி, சொட்டுச் சொட்டாக வடிகிறது. சிக்கரி கலந்திருந்தால் அது நீரை உறிஞ்சி ஓட்டத்தை இன்னும் தாமதப்படுத்தும். பால் கலந்து அருந்துவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு வேறில்லை என்பது நம் அபிப்பிராயம். அப்படியானால் புதிய முறை எதற்கு?

விடை காப்பிக் கொட்டையில் இருக்கிறது. கர்நாடகத்தின் சிக்கமகளூரிலும் குடகிலும், கேரளத்தின் வயநாட்டிலும் விளையும் காப்பியில் பெரும்பகுதி கப்பலேறி வெளிநாடு செல்கிறது. நெடுங்காலம் தோட்டக்காரர்கள் தம் விளைச்சலைக் காப்பி போர்டின் பொதுத் தொகுப்பிலேயே சேர்க்க வேண்டியிருந்தது. எந்தத் தோட்டத்துக் கொட்டை என்ற அடையாளம் அதில் கரைந்து போயிற்று. 1996-க்குப் பின் விரும்பியவருக்கு விற்கும் முழு உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. இன்று ஒரே தோட்டத்து அராபிகாவை இளவறுவலாக வாங்கும் வாய்ப்பு டில்லியிலும் புனேயிலும் உள்ள குடும்பங்களுக்கும் உண்டு. விலை சற்று அதிகம். அத்தகைய கொட்டையை வாங்கி, சிக்கரித் தூளைப் போலக் கையாண்டால், தோட்டக்காரன் பாடுபட்டுக் காத்த மணமும் நாம் கொடுத்த பணமும் ஒருங்கே வீணாகும்.

இதற்கெனத் தைவானிலிருந்து ஒரு பாத்திரமும், ஜப்பானிய ஹாரியோ நிறுவனத்தாரிடமிருந்து மற்றொன்றும் வந்துள்ளன. பின்னதில், கூம்பு வடிவக் கண்ணாடியின் அடியில் ஓர் எஃகுக் குண்டு வாயை அடைத்துக்கொள்ளும். நெம்பியை அழுத்தினால் திறக்கும். தூள் 20 கிராம், நீர் 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தூள் ரவையைவிடச் சற்றுப் பெரிதாக இருத்தல் நலம். கடையில் விற்கும் நைசான பில்டர் தூளை இட்டால் காகிதம் அடைத்துக்கொள்ளும். முதலில் காகிதத்தை வெந்நீரில் அலசி, வாயைத் திறந்து வைத்து, 50 கிராம் நீரால் தூளை நனைத்து முக்கால் நிமிஷம் விடவேண்டும். வறுவலில் தங்கிய கரியமில வாயு பொங்கி வெளியேறுவதைக் கண்ணாலேயே காணலாம். பிறகு வட்டமாக ஊற்றி 150 கிராம் வரை கொண்டுவந்து வடியவிடுக. இனி வாயை மூடி, மீதி நீரை ஊற்றி, ஒரு நிமிஷம் அசையாமல் விட்டு, பின் திறந்துவிடலாம். மொத்தம் மூன்றரை நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

முற்பாதியில் ஓடும் நீர் புளிப்பையும் இனிமையையும் தெளிவாக எடுத்துக்கொள்கிறது. பிற்பாதியில் நிற்கும் நீர், கால்வாய் விழுந்து விடுபட்ட தூளையெல்லாம் மூழ்கடித்துக் குறையைச் சரிசெய்கிறது. இரண்டாம் நீரைச் சற்று ஆறவைத்து ஊற்றுவோரும் உண்டு. கசப்பு குறைய அது உதவும். முதலில் ஊறவிட்டுப் பின் ஊற்றுவதும் கூடும். ஆனால் அப்போது மென்தூள் அடியில் படிந்து ஓட்டம் தடைப்படுவதால், நாம் அம்முறையை விரும்புவதில்லை. இக்காப்பியில் பால் சேர்ப்பதும் வேண்டாம். சேர்த்தால் வெறும் பால்நீர்தான் மிஞ்சும்.

இந்தப் பாத்திரம் இல்லாதோர் மனந்தளர வேண்டுவதில்லை. மூடியுள்ள செம்பில் பாதி நீரில் தூளை மூன்று நிமிஷம் ஊறவிட்டு, துணி வடிகட்டியில் ஊற்றி, துணியில் தங்கிய தூளின்மேல் மீதி நீரை மெல்லச் சொரிந்தால் ஏறக்குறைய அதே பலன் கிட்டும். வரிசை மட்டுமே மாறுகிறது. துணியின் கண்கள் காகிதத்தைப்போல் எளிதில் அடைபடுவதில்லை.

நீரின் உஷ்ணம் 90 முதல் 96 டிகிரி சென்டிகிரேட் இருக்கலாம். சென்னையிலும் பம்பாயிலும் கொதித்த நீரைச் சிறிது ஆறவிடவேண்டும். பெங்களூரில் நீர் 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். உதகையில் 92, 93-ல் கொதிப்பதால் அடுப்பிலிருந்து நேரே ஊற்றலாம். ஆழ்கிணற்று உப்பு நீர் புளிப்பின் நயத்தைக் கெடுக்கும். தாதுக்களை அறவே நீக்கிய சுத்திகரிப்பு நீரோ சப்பென்றிருக்கும். இரண்டையும் பாதிப்பாதி கலந்து பார்த்தல் நன்று.

காப்பியில் எண்ணெய்ப் பசை உண்டாகையால், குண்டையும் அது அமரும் இடத்தையும் அன்றன்றே கழற்றிக் கழுவுதல் அவசியம். துணியானால், சோப்பு இடாமல் வெந்நீரில் அலசி, மறுநாள் வரை குளிர்ந்த நீரில் மூழ்கியிருக்கும்படி வைக்கவேண்டும். உலர விட்டால் சிக்கு வாடை ஏறிவிடும்.