புங்கமும் கரஞ்சும்



ஆண்டுதோறும் ஆளந்தியிலிருந்து புறப்படும் மகான் ஞானேஸ்வரரின் பல்லக்கு ஊர்வலம், விஷ்ராந்த்வாடி வழியாகத்தான் புனேவுக்குள் நுழைகிறது. 'விஷ்ராந்த்' என்றால் ஓய்வு; பெயரிலேயே ஓய்வைச் சுமக்கும் ஊர். ஓய்வென்றால் நிழல் வேண்டுமே! ஆனால் நம் தெருவில் நிழல் தரும் மரம் எது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. தூங்குமூஞ்சி மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து. புங்கம், சரக்கொன்றை, புரசு ஆகியவை இந்த மண்ணின் பிள்ளைகள். மராத்தியில் அவை கரஞ்ச், பஹாவா, பளஸ்.

மரங்களின் பெயரறியும் முயற்சி புதிதல்ல. புனே அறிவியல் கல்லூரி முதல்வராக இருந்த தியோடர் குக், பம்பாய் மாகாணத் தாவரங்களைத் தொகுத்த நூல் 1901 முதல் 1908 வரை வெளிவந்தது. அன்று ஓர் அறிஞர் தோளில் சுமந்த வேலையை இன்று ஊரே பகிர்ந்துகொள்ளலாம். 2008இல் தொடங்கிய 'இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல்' தளத்தில் யாரும் மரத்தின் படம், இடம், தேதியைப் பதியலாம். பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, அறிந்தவர்கள் சொல்வார்கள். 'சீசன்வாட்ச்' என்ற திட்டம் இன்னும் நெருக்கமானது: ஒரே மரத்தை வாரம் ஒருமுறை பார்த்து, தளிர், பூ, காய் எந்த நிலையில் என்று குறிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் செய்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஒன்று மட்டும்: மரத்தை அடையாளம் காண இலையை மட்டும் படமெடுத்தால் போதாது. பட்டை, பூ, காய், காம்பில் இலைகள் அமைந்த விதம் எல்லாம் வேண்டும். அதனால் காலமும் பார்க்க வேண்டும்: புரசு இலையுதிர்த்துச் செம்பூவாய் நிற்பது பிப்ரவரி, மார்ச்சில்.