வள்ளத்தில் உங்கள் இடம்



1990 யூனில் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களுடைய துறைமுகம் 2017 யூலையில்தான் விடுவிக்கப்பட்டது. இருபத்தேழு வருடம் சொந்தத் துறையில் வள்ளம் இறக்க முடியவில்லை. கோணாப்புலம் முகாமிலும் வேறு இடங்களிலும் சிதறி வாழ்ந்தாலும், கேட்டவர்களுக்கு "நாங்கள் மயிலிட்டி" என்றே சொன்னார்கள். கலியாணவீடு, செத்தவீட்டுக்கு ஒருவரையொருவர் தேடிப் போனார்கள். துறை திறந்த அன்று, போவதற்கு ஓர் ஊர்ச்சனம் இருந்தது.

தண்டு வலிக்க முடியாத காலம் எங்களுக்கும் வரும். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு ஐந்து வருடம் நான் சந்தா கட்டவில்லை. வெட்கத்தில் கூட்டத்துக்கும் வரவில்லை. வகுப்புத் தோழி ஒருத்தி மட்டும் தவறாமல் கடிதம் போட்டாள். காசைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதனால்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

சகோதரிகளே, வராதவர்களின் பெயரைக் கொப்பியிலிருந்து வெட்டாதீர்கள். சுகம் கேளுங்கள். வள்ளத்தில் அவர்களுடைய இடம் இருக்கட்டும்.