சகடு: முதுமை எய்திய பெருமீன்



முன்பனிக்கால மாலையிற் கீழ்வானை நோக்குவார், ஆரல் என்னும் அறுமீன் கூட்டத்தின் பின்னே செம்மஞ்சள் ஒளியுடன் ஒரு விண்மீன் எழக் காண்பர். அதனையும் அதன் அருகிலுள்ள சிறுமீன்களையும் வண்டி வடிவாகக் கண்ட பழந்தமிழர் சகடு என்றனர். திங்கள் சகட்டொடு கூடும் நாளை மணநாளாகக் கொண்டமையை அகநானூறும் சிலப்பதிகாரமும் காட்டும். உரோகிணி என்னும் வடசொல் வந்து புகுந்தது, சகடு மறக்கப்பட்டது. ஆரலைப் பின்தொடர்வது என்னும் பொருளில் அராபியர் இட்ட அல்தெபரான் என்னும் பெயரை மேலையுலகம் இன்றும் போற்றி ஆள்கின்றது.

அம்மீன் 65 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. வண்டியின் சிறுமீன்களோ ஏறத்தாழ 150 ஒளியாண்டுத் தொலைவின. வண்டி வடிவு கண்ணுக்குத் தோன்றும் தோற்றமே, அவற்றிடை உறவில்லை.

அதன் குறுக்களவு ஞாயிற்றினும் ஏறத்தாழ 45 மடங்கு. பொருண்மையோ ஞாயிற்றினும் சிறிதே மிகுதி. சிறு பொருண்மை பெரும் பரப்பில் விரிந்தமையால், அதன் நிரவற் செறிவு நிலவுலகக் காற்றின் செறிவினும் பன்மடங்கு குறைவு.

உலைக்களத்து இரும்பு வெப்பம் மிகின் வெளுக்கும், குறையின் சிவக்கும். விண்மீனும் அவ்வாறே. ஞாயிற்றின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 5,500 பாகை. சகட்டினது 3,600 பாகை. ஆதலின், ஒரே அளவான பரப்பிலிருந்து சகடு தரும் ஒளியாற்றல் ஞாயிறு தருவதில் ஐந்திலொரு பங்கே. ஆயினும் அதன் முழுப்பரப்பு ஏறத்தாழ 2,000 மடங்காதலின், மொத்த ஒளி 400 மடங்கிற்கு மேலாகின்றது.

இவ்வீக்கம் முதுமையின் விளைவு. விண்மீனின் நடுவகத்தில் நீரகம் எல்லியமாக மாறுதலாலேயே ஒளி பிறக்கின்றது. சகட்டின் நடுவகத்தில் நீரகம் தீர்ந்தது. எஞ்சிய எல்லியக் கரு தன் ஈர்ப்பாலே சுருங்கி வெப்பம் மிகுகின்றது. கருவைச் சூழ்ந்த உறையில் நீரகம் முன்னினும் விரைந்து எரிகின்றது. அவ்வாற்றல் தள்ளுதலால் வெளியடுக்குகள் விரிந்து, விரிந்தமையாற் குளிர்ந்து, செம்மை பெறுகின்றன. உள்ளே கொதிப்பும் வெளியே தணிவும் ஒருங்கே நிகழ்வதே இம்முதுமையின் இயல்பு. ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளின்பின் நம் ஞாயிறும் இந்நிலையை அடையும். இறுதியில் மேலுறை கழன்று, வெண்குறுமீனாய் ஒடுங்கும்.

அன்பர்களே! இன்று காணும் சகட்டின் ஒளி 65 ஆண்டுகட்கு முன் புறப்பட்டது; இன்று மணமேடை ஏறும் இளையோர் பிறக்குமுன்பே புறப்பட்டது. அது மணமக்களின் வாழ்வை வகுக்கும் என்பது எங்ஙனம் பொருந்தும்? நாள்காட்டிய மீனை ஊழ்காட்டும் மீனாக்கியது அறியாமை. முன்னோர் வானை நோக்கிப் பெயரிட்டனர். பின்னோர் பெயரையும் இழந்து, நோக்குதலையும் விட்டனர்.

இரண்டையும் மீட்டல் வேண்டும். பிள்ளைகளை இரவில் வெளியே அழைத்துச் சென்று சகட்டைக் காட்டுக. அது சிவந்த காரணத்தையும் சொல்லுக. தமிழில் அறிவியல் உரைக்க இயலாது என்பார்க்கு அதுவே விடை.