ஆங்கிலத்தில் தோன்றா எழுவாய்



காம்பார் ஒரு காலத்தில் ஈயத்துக்குப் பெயர் போன ஊர். 2007-இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் அங்கே வளாகம் திறந்த பிறகு மாணவர் நகரமாக மாறிவிட்டது. பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில்தான். தோட்டப்புறத்துப் பெற்றோரும் தங்கள் பிள்ளை அங்கே போய்ப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அந்தப் பிள்ளையின் ஆங்கிலக் கட்டுரையில் ஆசிரியரின் சிவப்பு மை விழும் இடங்களில் ஒன்று, எழுவாய்.

"நேற்று ஈப்போவுக்குப் போனேன். சட்டை வாங்கினேன்." இதில் 'நான்' எங்கே? 'போனேன்' என்ற சொல்லின் கடைசியில், 'ஏன்' என்ற விகுதியில் இருக்கிறது. தமிழ் இலக்கணம் இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயரே வைத்திருக்கிறது. ஆங்கிலத்தின் 'வென்ட்' அப்படியல்ல. அவன் போனாலும் அவள் போனாலும், ஒருவர் போனாலும் பத்துப் பேர் போனாலும் அதே 'வென்ட்'தான். போனது யார் என்று சொல்ல 'ஐ', 'ஹீ', 'தே' என்று ஒரு சொல் முன்னால் வந்து நின்றாக வேண்டும்.

காம்பார் கடைத்தெருவில் மழை பிடித்தால் மலாய்க்காரர் "ஹுஜான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். சீனர் கண்டோனீஸில் "லோக் யூ" என்பார். ஆங்கிலத்தில் மட்டும் "இட் இஸ் ரெய்னிங்". அந்த 'இட்' எதைக் குறிக்கிறது? எதையும் இல்லை! எழுவாய் நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக உட்கார வைத்த சொல் அது. "கேன் ஆர் நாட்?", "கேன்!" என்று பேரம் பேசும் ஊரில் வளர்ந்த பிள்ளை எஸ்.பி.எம். தாளில் "இஸ் ரெய்னிங்" என்று எழுதினால், அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது நியாயமல்ல. காரணத்தைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைக்குப் புரியும்.

திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த கட்டுரையில் என்ன செய்கிறது? "ஐ வென்ட், ஐ பாட், ஐ கேம்" என்று வரிக்கு வரி 'ஐ' போடுகிறது. இலக்கணப் பிழை இல்லை. ஆனால் படிக்கச் சகிக்காது. 'அண்ட்', 'பட்', 'ஆர்' இவற்றால் இணைத்து, செய்தவர் ஒருவரே என்றால் இரண்டாவது எழுவாயை விட்டுவிடலாம்: "ஐ வென்ட் டு ஈப்போ அண்ட் பாட் எ ஷர்ட்." ஆள் மாறினால் விடக்கூடாது. 'பிகாஸ்', 'வென்', 'இஃப்' வந்தால் ஆள் மாறாவிட்டாலும் எழுவாயைத் திரும்பச் சொல்ல வேண்டும்: "ஐ ஸ்லெப்ட் பிகாஸ் ஐ வாஸ் டயர்ட்." அந்த இரண்டாவது 'ஐ'தான் அதிகம் காணாமல் போகிறது.

"மை மதர் ஷீ இஸ் எ டீச்சர்" என்பது எதிர்த் திசைப் பிழை. 'எங்க அம்மா, அவங்க டீச்சர்' என்ற பேச்சுத் தமிழ் அப்படியே இறங்கிவிட்டது. எழுத்தில் 'ஷீ' வேண்டாம்.

குறுஞ்செய்தியிலும் நாட்குறிப்பிலும் ஆங்கிலேயரே "காட் யுவர் லெட்டர்" என்று 'ஐ'யை விழுங்குவார்கள். தேர்வுத் தாளில் அந்தச் சலுகை கிடையாது.

பெயரையே திரும்பச் சொல்ல வேண்டிய இடமும் உண்டு. "முத்து டோல்ட் ராமு தட் ஹீ ஹேட் பாஸ்ட்." தேறியது யார்? தமிழில் 'தான் தேறிவிட்டதாக' என்றால் முத்து என்று தெரிந்துவிடும். ஆங்கில 'ஹீ' இருவருக்கும் பொருந்தும். தேறியது ராமு என்றால் 'ராமு' என்றே மறுபடியும் எழுதிவிடுவது நல்லது.